கொல்லை சாய்ந்த வருஷம்

உங்கள் வீட்டில் கொல்லை என்றால் என்ன? அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரு ஜில்லா, அம்மாவுக்கு ஒரு ஜில்லா, வளர்ந்தது தமிழ்நாட்டுக்கு வெளியே என்று என்னைப் போல இருப்பவர்களுக்கு இரண்டு பதில் கிடைக்கலாம். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடம் என்பார் ஒருவர். அது தோப்பு, குடும்பமே அதை நம்பித்தான் இருக்கிறது என்பார் இன்னொருவர். எங்கள் வீட்டில் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. அந்த வார்த்தை போனில் வந்த நாளில் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு இரண்டரை வயதில் ஒரு பெண் இருக்கிறாள். புனாவில் வானவடிப் பகுதியில் குடியிருக்கிறோம். அவள் இருமினால் நான் இணையத்தில் தேடுகிறேன். அவளிடம் ஒன்றைச் சொன்னால், புரிந்ததா என்று இரண்டு முறை கேட்கிறேன். என் கணவர் சிரிப்பார். சின்னக் குழந்தைக்கு எதுவும் நினைவிருக்காது என்பார். எனக்கு நினைவிருப்பதை அவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஒன்று இருக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். சொல்வது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

அப்போது நாங்கள் இதே புனாவின் சாங்வியில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் இன்றும் அதே பிளாட்டில்தான் இருக்கிறார்கள். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. வருஷத்தில் பாதி நாள் டூர். அம்மா கோயம்புத்தூர்ப் பக்கம். அப்பா கடலூர்ப் பக்கம், கடலுக்கு உள்ளடங்கிய முந்திரிக்காட்டு ஊர். அங்கே அப்பாவின் அக்கா இருந்தார். எனக்கு அத்தை. அப்பாவைவிட ஆறு வயது மூத்தவர். முந்திரிக்கொட்டை உடைத்தே அப்பாவைப் படிக்கவைத்தவர். கொட்டையிலிருந்து வரும் பால் பட்டுப் பட்டு அத்தையின் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் வழவழவென்றிருக்கும். ஒருமுறை நான் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்களுக்கு வலிக்குமா?" என்று கேட்டேன். "உங்கப்பன் பரிச்சைல தோத்தாதான் வலிக்கும்" என்றார்.

அந்த வருஷக் கடைசியில் புயல் வந்தது. புனாவில் குளிர். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. டிவியில் மட்டும் ஓயாமல் காற்று அடித்தது. வளைந்த மின்கம்பங்கள், கவிழ்ந்த படகுகள், ரோட்டின் குறுக்கே புளியமரங்கள். அப்பா வடக்கே எங்கோ பனிமூட்டமான ஊரில் டூரில் இருந்தார். அத்தையின் செல்போன் அணைந்து கிடந்தது. அப்பா அங்கிருந்து முயன்றார், அம்மா இங்கிருந்து முயன்றார். கிடைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை எங்கள் வீட்டு லேண்ட்லைன் அடித்தது. அம்மா கீழே தள்ளுவண்டியில் காய் வாங்கப் போயிருந்தார். நான் எடுத்தேன். கரகரவென்று சத்தம், அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"யாரு, பாப்பாவா?"

"ஆமா. நீங்க யாரு?"

"அத்தடி. அப்பா இருக்கா?"

"டூர் போயிருக்காங்க. அம்மா கீழ இருக்காங்க, கூப்பிடட்டுமா?"

"வேணாம், இது ஊரான் செல்லு. டிராக்டர்ல சார்ஜி போட்டு ஆளுக்கு ஒரு நிமிசம் குடுக்கறாங்க. உங்க வூட்டு நம்பர் ஒண்ணுதான் மனசுல நின்னுச்சி. நீயே கேட்டுக்க. கொல்ல பூரா சாஞ்சி போச்சின்னு சொல்லு. அப்பாவ ஒரு எட்டு வரச் சொல்லு. என்னா சொல்லுவ?"

"கொல்லை சாஞ்சிடுச்சு. அப்பா வரணும்."

"கெட்டிக்காரி" என்றார் அத்தை. அதோடு போன் நின்றுவிட்டது.

அந்தக் 'கெட்டிக்காரி' இன்றும் என் காதில் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாததற்கு அதுதான் காரணம். இரண்டையும் நான் திருப்பிச் சொன்னேன்.

அம்மா மேத்திக் கீரைக் கட்டும் கையுமாக மூச்சு வாங்க மேலே வந்தார்.

"அம்மா, அத்தை போன் பண்ணாங்க. கொல்லை சாஞ்சிடுச்சாம்."

"பேசுனாங்களா! அப்பாடா!" அம்மா கட்டைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "கொல்லையா? கொல்லைன்னா நம்மூர்ல பொடக்காலி கண்ணு. பின்னாடி செவுரு கிவுரு விழுந்திருக்கும். போகுது, ஆளுக நல்லாருக்காங்கல்ல? வேற என்ன சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை என் பள்ளியில் கேதரிங். ஆண்டு விழாவை இங்கே அப்படித்தான் சொல்வோம். நான் கோளி நடனத்தில் இருந்தேன். மும்பைக் கடற்கரை மீனவப் பெண்கள் ஆடுவது. முழங்கால் வரை ஏற்றிக் கட்டிய சிவப்புப் புடவை, இடுப்பில் மூங்கில் கூடை, முன்வரிசையில் இடமிருந்து இரண்டாவது. அதற்கு முந்தைய வருஷமும் அதற்கும் முந்தைய வருஷமும் அப்பா டூரில் இருந்ததால் வரவில்லை. இந்த வருஷம் வருவதாகப் போனில் சத்தியம் செய்திருந்தார். வடக்கிலிருந்து நேராக ஊருக்கு ரயில் ஏறிவிட்டால் என் நடனத்தை யார் பார்ப்பார்கள்? பத்து வயதுக்கு அதுதான் கணக்கு. அப்படி யோசித்துத்தான் சொன்னேனா, வாய் தானாகச் சொன்னதா, தெரியாது. ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒவ்வொன்று உண்மையாகப் படுகிறது.

அம்மா உடனே அப்பாவுக்குப் போன் போட்டார். நான் மேத்தி இலைகளைக் கிள்ளிக்கொண்டே கேட்டேன்.

"ஏனுங்க, உங்கக்கா பேசிட்டாங்களாமுங்க. எல்லாரும் சௌக்கியமாட்டத்தான் இருக்குது. பொடக்காலிப் பக்கம் ஏதோ சாஞ்சிருச்சாமா... இல்லீங்க, பாப்பாதான் பேசுனா... அவங்க சொன்ன வார்த்தையா? கொல்லைன்னாங்களாமுங்க... ஆமாங்க, கொல்லைன்னுதான்... ஏனுங்க, கேக்குதுங்களா?"

அம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "சரிங்க. அப்ப நீங்க வேலைய முடிச்சுட்டே வாங்க" என்று வைத்துவிட்டார்.

அப்பா வந்தார். கேதரிங்குக்கும் வந்தார். மூன்றாவது வரிசையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலை வருவதுபோல நாங்கள் கூடையை ஆட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினோம். பாட்டு முழுக்கக் கடல், படகு, மீன். அப்பா கைதட்டியதை மேடையிலிருந்து பார்த்தேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை வீட்டுக்குப் போன் கிடைக்க இன்னும் சில நாள் ஆயிற்று. அத்தையின் கணவர் எடுத்தார். எனக்கு மாமா. அத்தை அங்கேதான் இருக்கிறார், பேச வரவில்லை என்றார். மாமா சொல்லச் சொல்ல அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரை ஓடு முழுக்கப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்கவைத்திருப்பதால் வகுப்பு கிடையாது. "புள்ளைய இங்க கொண்டாந்து விடுங்க மாமா, கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார் அப்பா. புள்ளை என்றது அத்தையின் மகளை. அவளுக்குப் பதினாலு வயது.

சங்கராந்தி அன்று மாமா அவளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு பேரிடமும் சேர்த்து ஒரே பை. அம்மா காபி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பொடக்காலிதான் சாஞ்சுதுன்னு நினைச்சுட்டோமுங்கண்ணா. கூரையும் போச்சுங்களா?"

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா பால்கனியில் திரும்பி நின்று காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொல்லன்னா முந்திரித் தோப்பும்மா" என்றார் மாமா. "எங்கப்பா நட்டது. நடுவுல பலாவும் இருந்துச்சி. அம்பது வருசத்து மரம், அடிவேரோட பொரட்டிப் போட்டுட்டுப் போயிட்டு. பொடக்காலி சாஞ்சதுக்கா நாங்க பூனாவுக்குப் போன் போடுவோம்?" சிரித்தார். நல்ல மனிதர். அம்மா வருத்தப்படக் கூடாது என்பதற்காகச் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது. அம்மா முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "எனக்குத் தெரியாமப் போச்சுங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பா துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். மாமா மறுநாளே கிளம்பிவிட்டார்.

நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். "அத்த மவள அக்கான்னு கூப்புடக் கூடாது. அண்ணின்னு கூப்புடு" என்றாள். முதல் வாரத்தில் அவள் என்னிடம் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா, நாங்கள் காக்கு என்று கூப்பிடுபவர், எள்ளுருண்டை கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுத்து, இனிப்பாகப் பேசு என்று சொல்வது இங்கே வழக்கம். "அவங்க உன்னைப் பேசச் சொல்றாங்க அண்ணி" என்றேன். "என்னா பேசறது?" என்று கேட்டுவிட்டு உருண்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். புயலுக்கு மராத்தியில் வாதள் என்று காக்கு சொல்லிக்கொடுத்தார். அண்ணி புனாவில் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது. கடைக்குப் போனால், பால்காரர் வந்தால், யார் என்ன கேட்டாலும் அதையே சொன்னாள். "வாதள்." அவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தையில் வேலை முடிந்தது.

அவளிடம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒன்று இருந்தது. நனைந்து காய்ந்தது. பக்கங்கள் உப்பி, மூடவே மூடாது. மேஜையில் வைத்தால் விசிறிபோல நிற்கும். பக்கத்தில் போனால் ஈரச் சாக்கு வாசனை வரும். நான் பள்ளிக்குப் போகும்போது ஜன்னல் கம்பியோரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் திரும்பி வரும்போதும் அங்கேயே, அதே பக்கத்தைப் பிரித்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் அம்மாவிடம் மல்லாட்டை கேட்டாள். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. "அதான் அத்த, மண்ணுக்குள்ளாற காய்க்குமே" என்றாள். அம்மா சமையலறையில் இருந்த உருளைக்கிழங்கு, சேனை, இஞ்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அப்பா வந்துதான் வேர்க்கடலை என்று சொன்னார். "கடலக்காயா! அதச் சொல்றதுக்கென்ன?" என்றார் அம்மா. அன்று ஒருநாள்தான் நாங்கள் நால்வரும் சேர்ந்து சிரித்தோம்.

அம்மா அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் ஒன்று அவருக்குப் பிடிக்கவில்லை. அண்ணி தினமும் தன் செருப்பையும் துணிப்பையையும் வாசல் கதவுக்குப் பக்கத்தில் எடுத்து வைப்பாள். அம்மா உள்ளே எடுத்து வைப்பார். அவள் மறுபடி கொண்டுவந்து வைப்பாள். "நாம என்ன கொறை வெச்சோம்? எப்ப ஓடலாம்னே இருக்கறா பாருங்க" என்று அம்மா அப்பாவிடம் வருத்தப்பட்டார். என் மகள் பிறந்த பிறகுதான், அவள் ஜுரத்தில் கிடந்த ஒரு நாள், பையைக் கட்டிக் கதவோரம் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று நின்றபோது அந்தப் பை நினைவுக்கு வந்தது. அண்ணிக்கு எங்கும் போக வேண்டும் என்றிருக்கவில்லை. எழுந்து ஓடவேண்டி வந்தால் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அய்யோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். யார் யாரிடம் சொல்லியிருக்கலாம் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் சாயங்காலம் இங்கே கோடை மழைக்கு முந்திய காற்று அடித்தது. எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வாசலில் இருந்த குல்மோஹர் மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து யாருடைய ஸ்கூட்டர் மேலோ விழுந்தது. எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். சொசைட்டி சேர்மன் யார் யாருக்கோ போன் போட்டார். தீயணைப்பு வண்டி வந்தது. ரம்பம் பிடித்த இரண்டு பேர், கயிறு பிடித்த நாலு பேர், குடை பிடித்தபடி யோசனை சொன்ன பத்துப் பேர். குழந்தைகளை ஓரமாக நிற்கச் சொல்லிக் காக்கு கத்தினார். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார்.

அண்ணி சிரிக்கத் தொடங்கினாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஒரு கெளைக்கா? ஒரு கெளைக்கு இத்தினி ஆளா?" ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. "அடுத்தவங்க பொருள் நசுங்கிக் கெடக்குது, உனக்குச் சிரிப்பு வருதா? என்ன மனசு உனக்கு?" என்றார். அண்ணி படியேறி முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் போனேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அங்கேதான் அவள் பேசினாள். முகத்தைத் துடைக்காமலே பேசினாள்.

"எங்கூர்ல விடிஞ்சி வெளியில வந்து பாத்தா ஒரே வெளிச்சம் பாப்பா. அந்த மாதிரி வெளிச்சத்த எங்க வூட்ல பாத்ததே இல்ல. சுத்தி கொல்லதானே, எப்பவும் நெழலா இருக்கும். வூட்டுக்குள்ளாற வெயிலு அடிக்குது. எல்லா மரமும் படுத்துக் கெடக்குது. வாசல்ல நின்னா மெயின் ரோடு தெரியுது, பஸ்ஸு நிக்கிற எடம் தெரியுது. அதுக்கு முந்தி பஸ்ஸு சத்தந்தான் கேக்கும்."

"அத்தை அழுதாங்களா?"

"அழுவல. உங்க வூட்டுக்குப் போன் போட்டுட்டு வந்து வாசல்ல நின்னுச்சி. தம்பி வருவான், வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சி. பஸ்ஸு வந்து நின்னா யாரு எறங்கறான்னு பாக்கும். எத்தினி நாளு? பத்து நாளு இருக்கும். அரிசி குடுக்க வந்த ஜீப்பக்கூட உங்கப்பான்னு நெனச்சிப் போயிப் பாத்துச்சி." மூக்கை உறிஞ்சினாள். "அப்பா இங்கேர்ந்து போயி, கொல்லன்னா அத்தக்கிப் புரியலயாம்னு சொன்னப்ப அம்மா என்னா சொல்லுச்சாம் தெரியுமா? போன்ல அப்பா சொன்னாரு. கொல்லன்னா புரியல, செரி. வான்னா கூடவா புரியல?"

நான் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். துருப்பிடித்த கம்பி. கையில் சிவப்பாக ஒட்டியது. அதைப் பாவாடையில் துடைத்தேன். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான்தான் அண்ணி, நான்தான் சொல்லவில்லை. நாலு வார்த்தை வருமா? வரவில்லை. வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன். உண்மையாகவே வலித்தது. அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார். மே மாதம் வரை அடிக்கடி வலித்தது. டாக்டர் பூச்சி மருந்து எழுதிக்கொடுத்தார்.

மே மாதம் அப்பாவே அண்ணியைக் கொண்டுபோய் விட்டார். நானும் வருகிறேன் என்று கேட்கவில்லை. அப்பா மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். "எல்லாரும் நல்லாருக்காங்க. வெயில்தான் தாங்கல" என்றார். அத்தை அவருக்கு இலை போட்டுச் சோறு வைத்தாராம், வைத்துவிட்டுக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். அம்மா காக்குவிடம் பாதி இந்தியில் பாதி மராத்தியில் சொன்னபோது நான் கேட்டது. அம்மா அதற்குத் தன் பொடக்காலியையே காரணமாக நினைத்துக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்தை தெரியாததுக்கு இவ்வளவு கோவமா?" என்றார். அம்மா பாவம்.

அதன் பிறகு பல வருஷம் ஒன்றுமில்லை. மே மாதத்தில் அத்தை அனுப்பும் முந்திரி டின் நின்றுபோனது. மரமில்லை, எப்படி வரும் என்றார் அம்மா. நான் கல்லூரியில் படித்தபோது அண்ணியின் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது. தாய்மாமனுக்கு நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பத்திரிகையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாய்மாமன் என்று அச்சடிக்கும் இடத்தில் யார் பெயரும் இல்லை. "நல்ல பேப்பர்ல அடிச்சிருக்காங்க" என்று சொல்லி அலமாரியில் வைத்தார். அவர் போகவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை. சொன்னால் பத்திரிகை மாறிவிடுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு நன்றாக வரும்.

போன மாதம் சொன்னேன். அப்பா ரிட்டயராகி ஒரு வருஷமாகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு சாங்விக்குப் போயிருந்தேன். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் வரைபடம் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அடுத்த அறையில் குழந்தைக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். அப்பா அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா, அந்தப் புயலப்போ அத்தை உங்களை வரச் சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"ஏன் சொல்லல?"

"கேதரிங் இருந்துச்சு."

"கோளி டான்ஸ்" என்றார் அப்பா. "ரெண்டாவதா நின்ன."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டன்களைத் தடவியபடியே பேசினார்.

"உங்கம்மா பொடக்காலின்னா. அக்கா என்ன வார்த்தை சொன்னான்னு நான் கேட்டேன். கொல்லைன்னாளாம். நான் அந்த ஊர்க்காரன்மா. கொல்லைன்னா எனக்கு என்னன்னு தெரியாதா? அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏம்பா போகல?"

"லீவு கிடைக்காது, ரயில் ஓடுதோ என்னமோ, பாப்பாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கோம். அப்படி ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டேன். உங்கம்மா சொன்ன அர்த்தம் சின்னதா இருந்துச்சு. அதையே பிடிச்சுக்கிட்டேன். போனா, அந்த மரமெல்லாம் இல்லாம அக்கா நிக்கறதைப் பாக்கணும். நான் போய் என்ன பண்ணுவேன்? எனக்குப் பயம். கூப்பிட்டாத்தான் போகணுமா? அது என் அக்கா வீடு."

எனக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அந்த ஓமத்தண்ணீர், பூச்சி மருந்து, அத்தனை வருஷம். அம்மாவின் முகத்தை மூடிய தலைப்பு. மாமா சொன்ன அன்று பால்கனியில் ஒரு தடவை திரும்பி, எனக்குத் தெரியும் என்று இவர் சொல்லியிருந்தால் போதும். ஆனால் நானும்தான் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, அவர் பங்கை அவரும் என் பங்கை நானும் தனித்தனியாக வைத்திருந்தோம்.

"நான் அத்தைகிட்ட போன்ல சொல்லிடறேன்பா. நான் சின்னப் பொண்ணு, சொல்லாம விட்டுட்டேன்னு" என்றேன்.

"சொல்லாதே."

"ஏன்?"

"நீ சொன்னா அவ அந்த நிமிஷமே மன்னிச்சிடுவா. தம்பி மேல தப்பில்ல, கொழந்ததான் சொல்ல மறந்துட்டுன்னு ஊரெல்லாம் சொல்லுவா. பத்து வயசுப் புள்ளையக் காட்டிட்டு நான் அவ வாசப்படி ஏறணுமா?"

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "ஏனுங்க, யாரோட பேசறீங்க, இவ்வளவு நேரமா?" அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த வாரம் அவரே டிக்கெட் எடுத்தார். அந்தத் தாழ்வு எங்கோ கரைந்து மழையாகப் போய்விட்டது. ஊரில் எந்தச் சேதமும் இல்லை. போவதற்குக் காரணம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அம்மா விசேஷமா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொடுத்தார். அத்தைக்கு எதுவும் சொல்லியனுப்பவில்லை. அங்கே கதவு திறக்குமா, திறந்தால் என்ன கேட்பார்கள், அப்பா என்ன சொல்வார் என்று நான் நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். அப்பா எதையும் கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஜன்னலோரம் நின்றேன். பையில் மாத்திரை இருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வண்டி நகரும் நேரத்தில்தான் தோன்றியது.

"அப்பா, திரும்பி வர்றதுக்கு டிக்கெட் எந்தத் தேதிக்குப் போட்டீங்க?"

"போடல."

"ஏன்பா? கடைசி நேரத்துல கெடைக்காதே!"

"அவ எத்தனை நாளு திட்டுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.